குளச்சல் படையை வீட்டு மேசையில் திரட்டுவது

எந்தப் படை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டி வாங்குவது அப்புறம். மினியேச்சர் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். படத்தில் பளபளக்கும் வார்ஹாமர் பெட்டி ஒன்றைக் கண்டதும் வாங்கிவிடுவார்கள். அதில் நாலைந்து உருவங்களை ஒட்டுவார்கள். மீதி சட்டத்தோடு சட்டமாக அலமாரிக்குள் போய்விடும். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நடக்கும் கற்பனைப் போர் பிடித்திருந்தால் தாராளமாக அதையே செய்யுங்கள், தவறில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் குடியிருக்கிற ஒருவருக்கு, காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடக்கூடிய தூரத்தில் உண்மையான போர்க்களம் ஒன்று இருக்கிறது. ஆகவே இந்த அத்தியாயத்துக்கு 1741ஆம் ஆண்டின் குளச்சல் போரையே எடுத்துக்கொள்கிறேன். வேறு படை கட்டுகிறவர்களும் முறைகளை அப்படியே பின்பற்றலாம்.

போரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசர் மார்த்தாண்ட வர்மா அண்டைச் சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் திருவிதாங்கூரோடு சேர்த்துக்கொண்டிருந்தார். மிளகு வணிகம் கைநழுவுவதைக் கண்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, இலங்கையிலிருந்து படை அனுப்பிக் குளச்சலில் இறக்கியது. அவர்கள் கரையில் அரண் அமைத்து, இரணியல் வரை வந்து, பத்மநாபபுரத்தைக் குறிவைத்தார்கள். பருவமழைக் கடல் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. முற்றுகையில் சிக்கிச் சரணடைந்தார்கள். சிறைப்பட்டவர்களில் ஒருவரான டிலனாய் பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்து, அதை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்து, ‘வலிய கப்பித்தான்’ ஆனார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது; கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

பொம்மைப் படை கட்டுகிறவருக்கு இந்தப் போர் மூன்று வகையில் வசதியானது. ஒன்று, இரு தரப்பும் தோற்றத்தில் முற்றிலும் வேறானவை. மேசையின் மறுகோடியிலிருந்து பார்த்தாலும் யார் எவர் என்று தெரியும். இரண்டு, திருவிதாங்கூர்ப் பக்கத்தின் நாயர் வீரர்களுக்குச் சீருடை இல்லை. இடுப்பில் முண்டு, வெற்று மார்பு, வெறுங்கால், முன்குடுமி, வாளும் கேடயமும் அல்லது திரித்துப்பாக்கியும் அல்லது வில்லும். பொத்தான், நாடா, பட்டி என்று நுண்வேலை கிடையாது. மூன்று, களம் சிறியது. கடற்கரை, மணல், மரவேலி அரண், தென்னைகள், பனைகள். இவ்வளவு இருந்தால் போதும்.

ஒரு பிரஷ் வாங்குவதற்கு முன்பே ஒருநாள் தெற்கே போய்வாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் பழைய ஆயுதங்களை நேரில் பார்க்கலாம். டிலனாய் சரணடையும் காட்சியைக் காட்டும் ஓவியமும் அங்கே உண்டு. திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. அங்கிருந்து புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை பக்கம்தான். பிறகு குளச்சல் கடற்கரையில் உள்ள வெற்றித் தூண். நாயர் பட்டாளத்தின் வழிவந்த பிரிவு இன்று மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9ஆம் பட்டாலியனாக இருக்கிறது; ஜூலை 31ஐக் குளச்சல் நாளாக ராணுவம் நினைவுகூர்கிறது. இந்தப் பயணத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது நிறங்களை. மண், மணல், கல், பாசி பிடித்த சுவர், கடலில் நிற்கிற பழைய கட்டுமரத்தின் சாம்பல் நிறம். போனில் நிறையப் படம் எடுத்து வையுங்கள். வண்ணம் கலக்கும்போது இவற்றைப் போல உதவுவது வேறில்லை.

அளவும் ஆள்கணக்கும்

உருவங்கள் பல அளவுகளில் கிடைக்கின்றன. 28 மி.மீ. என்பது இப்போது பெருவழக்கு. 1/72 என்றால் ஆள் ஏறத்தாழ 24 மி.மீ. உயரம் வருவார். 15 மி.மீ., 6 மி.மீ. என்று இன்னும் சிறியவையும் உண்டு. சிறியதை வாங்கினால் செலவு குறையும், பெரிய அணிகளைக் காட்டலாம். ஆனால் முகம் வரைகிற இன்பம் போய்விடும். முதல் படைக்கு 28 மி.மீ. எடுங்கள் என்பது என் கட்சி.

எத்தனை பேர்? பக்கத்துக்கு இருபது போதும். இருபது பேரை வைத்துக் கரையோரக் கைகலப்பு ஒன்றை ஆடிவிடலாம். பிறகு படை பெருத்தால் ‘பிளாக் பவுடர்’ போன்ற விதிநூலுக்குப் போகலாம். 18, 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கிப் போர்களுக்காகவே எழுதப்பட்டது அது. விதிகள் தலைவலி என்று நினைக்கிறவர்கள் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலைத் தேடிப் பாருங்கள். அவரும் நண்பர்களும் வில்சுருள் பீரங்கியால் பொம்மை வீரர்களை நிஜமாகவே சுட்டு வீழ்த்தினார்கள். நீங்கள் வண்ணம் பூசி முடித்த உருவங்களை அப்படிச் சுடச் சம்மதிப்பீர்களா என்பது வேறு விஷயம்.

டச்சுத் தரப்புக்கு ஆள் தேடுவது சுலபம். மூன்று மூலைத் தொப்பி, முழங்கால் வரை தொங்கும் கோட்டு என்று 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாட்படை பிளாஸ்டிக்கில் பல நிறுவனங்களிடம் உண்டு. பெர்ரி மினியேச்சர்ஸ், வார்லார்ட் கேம்ஸ் இரண்டும் நம்பி வாங்கக்கூடியவை. ஸ்பானிய வாரிசுரிமைப் போர்க் காலத்து உருவங்கள் குளச்சலுக்குச் சற்று முந்தியவை; அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தவை பிந்தியவை. முந்தியதை எடுங்கள். தொலைதூரக் காவல்கொத்தளத்துப் படைக்குப் பழைய உடுப்புப் பொருந்தும்.

நாயர் வீரர்களுக்கென்று பிளாஸ்டிக் பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். வேறு படைக்கான வெற்றுமார்பு உருவங்களை வாங்கி மாற்றிக்கொள்வதே வழி. பழங்காலக் கெல்ட்டியர், ஜுலு வீரர் பெட்டிகளில் திறந்த மார்புள்ள உடல்கள் கிடைக்கும். இடுப்புக்குக் கீழே உள்ளதை வெட்டியோ மூடியோ முண்டு செய்துவிடலாம். செய்முறை கீழே வருகிறது. இல்லையென்றால் முப்பரிமாண அச்சு. வடிவக் கோப்பை விலைக்கு வாங்கி, ரெசின் பிரிண்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தால் அச்சிட்டுத் தந்துவிடுவார். கோப்பின் உரிமம் அச்சிட அனுமதிக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள். அச்சிட்ட உருவம் பிசுபிசுப்பாக இருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, மறுபடி கழுவி, வெயிலில் நன்றாக இறுக விடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது அஞ்சல் செலவோடு சுங்கத் தீர்வையும் சேரும். அடக்க விலையைக் கணக்கிட்ட பிறகு வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைத்தால் கை கடிக்காது.

சாலைக் கடைத்தெருவில் ஒரு மாலை

ஹாபி கடை என்று தனியாக வேண்டியதில்லை. தேவையானதில் பாதிக்கு மேல் திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவிலேயே கிடைத்துவிடும். ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த காலத்தில் எழுந்த கடைத்தெரு அது. இன்றும் கிழக்கேகோட்டையில் இறங்கி நுழைந்தால் இல்லாத சாமான் இல்லை. தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இருப்பதால் பேச்சுக்கும் தடையில்லை.

முதலில் ஹார்டுவேர் கடை. உருவத்தின் அடித்தட்டுக்கு வாஷரைப் போல மலிவான பொருள் வேறில்லை. 12 மி.மீ. போல்ட்டுக்குப் போடுகிற சாதாரண வாஷரின் வெளிவிட்டம் 24 மி.மீ.; 28 மி.மீ. உருவத்துக்கு அச்சடித்தாற்போல் பொருந்தும். எடை கீழே இருப்பதால் உருவம் சாயாது. இரும்பு என்பதால் காந்தத் தாளில் ஒட்டிக்கொள்ளும். நாணயத்தை அடித்தட்டாக வைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். நாட்டின் நாணயத்தை அதற்குப் பாழாக்க வேண்டாம்.

“அண்ணாச்சி, பன்னிரண்டு எம்.எம். வாஷர் ஐம்பது வேணும்.”

“எந்த வண்டிக்கு தம்பி?”

“வண்டிக்கில்ல அண்ணாச்சி, பொம்மை நிக்கிறதுக்கு.”

“அப்போ ஜிங்க் போட்டதா எடுத்துக்கோங்க. மத்தது ரெண்டு மழைக்குத் துருப்பிடிச்சிரும்.”

அவர் சொல்வதுதான் சரி. துத்தநாகப் பூச்சில்லாத வாஷரில் ஃபெவிகால் தடவி மணல் தூவினால், பசையில் இருக்கும் நீரே துருவைக் கிளப்பி, மணலின் ஊடே செம்பழுப்புக் கறையாகக் கசியும். நடுவில் உள்ள ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்கள்.

அதே கடையில் சிறு அரம், இடுக்கி, மெல்லிய உப்புத்தாள், ஃபெவிக்விக், ஃபெவிகால், எம்-சீல். அடுத்து ஃபேன்சி ஸ்டோர். கன்னத்துக்குப் பூச்சுப் போடுகிற வட்ட பிரஷ் உலர்பூச்சுக்கு, அதாவது பெயின்ட்டைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் லேசாகத் தேய்ப்பதற்கு, மிக நல்லது. நகம் தேய்க்கிற அட்டை, பிளாஸ்டிக் தழும்பைத் தேய்க்க உதவும். மருந்துக் கடையில் ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று, பெயின்ட்டில் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க. ஸ்டேஷனரி கடையில் கேம்லின் அக்ரிலிக். இது அடித்தட்டுக்கும் நிலப்பரப்புக்கும் போதும். உருவத்துக்கு மட்டும் வலேஹோ, சிட்டடெல் போன்ற மினியேச்சர் பெயின்ட்டை வாங்குங்கள். அவற்றின் நிறத்தூள் மிக நைசாக அரைபட்டிருக்கும், மெல்லப் பூசினாலும் மூடும். பத்து நிறம் போதும். நாற்பது நிறத் தொகுப்பு வாங்குவது வீண்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் இரண்டு. நல்ல நிப்பர் ஒன்று, சேபிள் முடி பிரஷ் ஒன்று. பிரஷ்ஷின் பருமன் முக்கியமில்லை, நுனி கூராகக் குவிய வேண்டும். 1ஆம் எண் போதும், 000 எல்லாம் வேண்டாம். அவ்வளவு சிறிய பிரஷ்ஷில் எடுக்கிற பெயின்ட் உருவத்தைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். நுனியை வாயில் வைத்துக் குவிக்கும் பழக்கம் கூடாது.

ஒட்டுதல்

பிளாஸ்டிக் சட்டத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை அதில் ஒட்டியிருக்கலாம். இருந்தால் பெயின்ட் பிடிக்காது. நிப்பரால் உறுப்பைச் சற்று விலகியே வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். உடலின் இரு பக்கமும் ஓடுகிற அச்சுக்கோட்டைக் கத்தி முதுகால் சுரண்டிவிடுங்கள். சோம்பல்பட்டு விட்டால், பின்னால் நிழல் வண்ணம் விடும்போது அந்தக் கோடு தொடையில் தழும்பாகத் தெரியும்.

பசையில் குழப்பம் வேண்டாம். பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்குக்கு, அதை உருக்கி இணைக்கிற மெல்லிய சிமென்ட். டாமியாவின் பச்சை மூடி பாட்டில் பேர்பெற்றது. ரெசினுக்கும் உலோகத்துக்கும் அது உதவாது. அவற்றுக்கு ஃபெவிக்விக் இனத்துப் பசை. இந்தப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. அதனால் நம் ஊரில் கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். அதே ஈரத்தால் இணைப்பைச் சுற்றி வெள்ளையாகப் பூத்தும் போகும். ஊசிமுனை அளவு பசை, மின்விசிறிக் காற்று லேசாக வீசுகிற இடம், இரண்டும் இருந்தால் பூப்பது குறையும். பூத்துவிட்டாலும் பதற வேண்டாம், அடிப்பூச்சான ப்ரைமர் மறைத்துவிடும்.

இப்போது முண்டு. இருவகைக் களிமண் போன்ற எபாக்சி புட்டி, ஹாபி வட்டாரத்தில் ‘கிரீன் ஸ்டஃப்’ எனப்படுவது, இதற்குச் சிறந்தது. எம்-சீலிலும் செய்யலாம், ஆனால் அது சொரசொரப்பு. மடிப்புகள் கூர்மையாக வராது. புட்டியின் இரு பகுதிகளையும் ஒரே நிறமாகும்வரை பிசைந்து, பவுடர் தூவிய பிளாஸ்டிக் உறையின் மேல் மெல்லிய தாளாகத் தேய்த்து விரியுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, பட்டையாக வெட்டி, இடுப்பில் சுற்றுங்கள். முன்பக்கம் ஒரு மடிப்பு மற்றொன்றின் மேல் ஏறி விழ வேண்டும். ஓடுகிறவனுக்கு முண்டை மடித்துக்கட்டி முழங்காலுக்கு மேல் நிறுத்துங்கள். காவல் நிற்பவனுக்குத் தழைய விடுங்கள். ஈரப்படுத்திய பல்குத்தும் குச்சியால் மடிப்புகளை இடுப்பு முடிச்சிலிருந்து விசிறியாக இழுத்துவிடுங்கள். துணியின் மடிப்பு எல்லாம் எங்கோ ஓரிடத்தில் கட்டப்பட்டு அங்கிருந்து பிரிவதுதான்; அந்த முடிச்சு எங்கே என்று முடிவு செய்துவிட்டால் மற்றவை தானாக வரும். சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே ஒருவரை முண்டு கட்டி நிற்கச் சொல்லிப் பாருங்கள். ஒருநாள் இறுகவிட்டால் கல்லாகிவிடும். குடுமிக்கு மிளகில் பாதி அளவுப் புட்டியை நெற்றிக்கு மேல் சற்றுப் பக்கவாட்டில் வைத்து அழுத்தினால் போதும்.

மழையும் ப்ரைமரும்

மேலைநாட்டு வழிகாட்டிகளில் இருக்கிற, நமக்கு ஆகாத அறிவுரை இந்த இடத்தில்தான் அதிகம். ஸ்பிரே ப்ரைமரை எடுத்து வெளியே போய் அடியுங்கள் என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். திருவனந்தபுரத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் வாரத்தில் இடவப்பாதி, அக்டோபர்-நவம்பரில் துலாவர்ஷம். காற்றில் ஈரம் நிறைந்த நாளில் ஸ்பிரே அடித்தால், பூச்சு உலரும்போது குளிர்ந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு மங்கலாக வெளுத்துப்போகும். ஏப்ரல் உச்சிவெயிலில் அடித்தாலோ, துளிகள் காற்றிலேயே காய்ந்து உருவத்தின் மேல் மணல் தூவியதுபோல் சொரசொரக்கும்.

ஆகவே வேலையை மாதக் கணக்கில் பிரித்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் ஒட்டுதலும் புட்டி வேலையும். ஸ்பிரே வேலை முழுவதையும் ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். காலைப் பனி விலகிய பின், வெயில் ஏறுமுன், மொட்டைமாடியில் அட்டைப்பெட்டி மறைப்பு வைத்து, 25 செ.மீ. தூரத்தில் விட்டுவிட்டுச் சிறு வீச்சுகளாக. முகமூடி கட்டாயம். முதல் வீச்சு எப்போதும் வெட்டியெறிந்த சட்டத் துண்டின் மேல்; அது நன்றாக வந்தால்தான் வீரர்கள்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் ப்ரைமர் இருக்கிறது. உண்மையில் நம் ஊருக்கு அதையே நான் முதல் தெரிவாகச் சொல்வேன். நேரம் கூடுதலாகும், ஆனால் மழையைக் கேட்டு நடக்க வேண்டியதில்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு மெல்லிய பூச்சு. இடையில் ஒரு மணி நேரம்.

பெயின்ட் எதுவானாலும் பாட்டிலிலிருந்து நேராகப் பூசாதீர்கள். நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, இரண்டு மூன்று முறை பூசுங்கள். தட்டத்துக்கு ஒரு பழைய டிபன் பாக்ஸ் போதும். அடியில் ஈரத் துணியோ டிஷ்யூ தாளோ விரித்து, அதன் மேல் பேக்கிங்குக்குப் பயன்படும் பட்டர் பேப்பரைப் படியவைத்து, அதில் பெயின்ட் விட்டால் மணிக்கணக்காகக் காயாது. மூடி வைத்தால் மறுநாளும் ஓடும். மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்குள் துணியை அலசி மாற்றிவிடுங்கள்.

தோல் நிறம்

கடையில் விற்கும் பெரும்பாலான தொகுப்புகளில் ‘சதை நிறம்’ என்ற பெயரில் இருப்பது இளஞ்சிவப்பு. அதைப் பூசி, மேலே பழுப்பு நீரை ஊற்றினால் வெயிலில் கருகிய ஆங்கிலேயர் வருவாரே ஒழிய, குளச்சல் கரையில் நின்றவர் வர மாட்டார். அந்தப் பாட்டிலை டச்சுக்காரருக்கு ஒதுக்கிவிட்டு, நம் நிறத்தை நாமே கலப்போம்.

பர்ன்ட் அம்பர் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, எல்லோ ஓக்கர் கால் பங்கு. இதுதான் அடிநிறம். இதையே மூன்று கிண்ணங்களாகப் பிரியுங்கள். ஒன்றில் அம்பரைக் கூட்டுங்கள், ஒன்றில் ஓக்கரைக் கூட்டுங்கள், ஒன்று அப்படியே. பத்துப் பேர் அணியில் மூன்று நிறமும் கலந்து வரட்டும். எல்லாரும் ஒரே நிறமாக இருந்தால் தொழிற்சாலையில் வார்த்ததுபோல் இருக்கும். நம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பத்துப் பேரைப் பாருங்கள், எத்தனை நிறம்!

அடிநிறம் காய்ந்ததும், அம்பரில் ஒரு பொட்டு கருநீலம் சேர்த்து, நிறைய நீர் விட்டு நிழல் நீர் தயாரியுங்கள். கழுத்துக்குழி, விலா, முதுகுத்தண்டு, விரல் இடுக்கு என்று பள்ளம் பார்த்து விடுங்கள். உருவம் முழுக்க ஊற்றாதீர்கள். தேங்கினால் பிரஷ்ஷைத் துடைத்து நுனியால் உறிஞ்சிவிடுங்கள்.

பிறகு மேடுகளுக்கு வெளிச்சம். இங்கேதான் பலரும் அடிநிறத்தில் வெள்ளையைச் சேர்க்கிறார்கள். கரிய தோலில் வெள்ளை கலந்தால் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். வெள்ளைக்குப் பதில் ஓக்கரையும், கடைசி ஒன்றிரண்டு புள்ளிக்கு மட்டும் ஓக்கரோடு சிறிது ஆரஞ்சையும் சேருங்கள். தோள்முனை, கன்ன எலும்பு, மூக்குத்தண்டு, முழங்கால், விரல்முட்டி. நடுப்பகலில் கடற்கரையில் நிற்கிறவருடைய தோளில் வெளிச்சம் எப்படி எண்ணெய் தடவினாற்போல் மின்னுகிறதோ, அந்த மினுக்கத்துக்கு வார்னிஷ் போட்ட பிறகு தோள்முனையில் மட்டும் ஒரு புள்ளி பளபளப்பு வார்னிஷ் வைக்கலாம். உள்ளங்கையும் உள்ளங்காலும் சற்று வெளிறியவை என்பதை மறக்காதீர்கள். கண்ணைத் திறக்க முயல வேண்டாம். கண்குழியில் ஒரு கருங்கோடு போதும். கை நீட்டும் தூரத்தில் அதுவே கண்ணாகத் தெரியும்.

முண்டு வெள்ளை. வெள்ளைதான் இந்தக் கலையில் கடினமான நிறம். வெள்ளையிலிருந்து தொடங்காதீர்கள். கோரா துணியின் மங்கிய பழுப்புவெள்ளையை முழுக்கப் பூசி, மடிப்புப் பள்ளங்களில் இளம்பழுப்பு நிழல் நீர் விட்டு, பிறகு மேடுகளில் தந்த நிறம், இறுதியாக மடிப்பின் முகட்டில் மட்டும் சுத்த வெள்ளை. கீழ்க்கரையில் மணல் ஒட்டிய அழுக்குக்காக நீர்த்த ஓக்கரை லேசாக ஏற்றுங்கள். பொன்னிறக் கசவுக்கரை போடுகிற ஆசை எல்லாருக்கும் வரும். காலாட்களுக்கு வேண்டாம். கசவு என்றதும் நினைவுக்கு வருகிற பாலராமபுரம் நெசவே, பாலராம வர்மா ஆண்ட 1798-1810 காலத்தில் தெற்கிலிருந்து சாலிய நெசவாளர்களைக் குடியேற்றிய பிறகு எழுந்தது; குளச்சல் போர் முடிந்து அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. தளபதி ஒருவருக்கு மட்டும் மெல்லிய பொன்கோடு ஒன்று போட்டால் அணியில் தலைவர் யார் என்று தெரியும்.

கேடயத்துக்குச் செங்காவி நல்லது. வெள்ளை முண்டும் பழுப்பு உடலுமாக இருக்கிற அணியில் அந்தச் சிவப்புத்தான் கண்ணை இழுக்கும். கொடி வேண்டுமானால் பிற்காலத் திருவிதாங்கூர்க் கொடியின் சிவப்பையும் வெள்ளை வலம்புரிச் சங்கையும் எடுத்துக்கொள்ளலாம். காகிதக் கொடியின் இரு பக்கமும் நீர்த்த ஃபெவிகால் பூசுங்கள். பூசாத காகிதத்தை வெள்ளிப்பூச்சி அரித்துவிடும்.

டச்சுக்காரரைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கோட்டுக்கு நான் தேர்வது வெளிறிய நீலம். புத்தம்புது நீலம் பூசாதீர்கள். மாதக்கணக்கில் கடல் உப்பிலும் மழையிலும் கிடந்த துணி அது. முழங்கை, தோள் பக்கம் சாம்பல்நீலத்தில் உலர்பூச்சு, கீழ்விளிம்பில் சேற்றுப் பழுப்பு. கொடியில் சிவப்பு, வெள்ளை, நீலம், நடுவே வி.ஓ.சி. என்ற கம்பெனி முத்திரை.

பூசும்போது ஓர் உருவத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதைவிட, எட்டுப் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தி, எல்லாருக்கும் தோல், பிறகு எல்லாருக்கும் முண்டு என்று போங்கள். ஒரு நிறம் வரிசையின் கடைசி ஆளை எட்டும்போது முதல் ஆள் காய்ந்திருப்பார். பத்துக்கு மேல் வரிசை வைத்தால் அலுப்புத் தட்டும்.

மீனவர்களையும் சேருங்கள். குளச்சல் முக்குவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துக் கரையோரம் அணிவகுத்து நின்று, தொலைவில் கப்பலிலிருந்து பார்ப்பவருக்குத் துப்பாக்கி ஏந்திய படையாகத் தோன்றினார்கள் என்றொரு செவிவழிக் கதை அந்தப் பக்கத்தில் வழங்குகிறது. விளையாட்டுக்கு இதைவிட நல்ல விதி கிடைக்காது. துடுப்பு ஏந்திய பத்து உருவங்கள்; எதிரி குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்கும்வரை அவை துப்பாக்கி வீரர்களாகவே கணக்கிடப்படும். செய்யவும் எளிது: வெற்றுடம்பு, அரைத்துணி, மூங்கில் சிம்பைச் சீவிய துடுப்பு.

தரை

குளச்சலை ஒட்டிய கடற்கரைகளின் மணலில் கருஞ்சிவப்பு வரிகள் ஓடும். இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த கனிம மணல். பக்கத்து மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அரிய மணல் ஆலையே இயங்குகிறது. அந்த மணலை அள்ளிவந்து ஒட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். மோனசைட்டில் தோரியம் உண்டு, கதிர்வீச்சுள்ளது. தவிர அதை அள்ள நமக்கு உரிமையும் இல்லை. சங்குமுகம் கடற்கரை மணலும் வேண்டாம்; உப்பு கசிந்து வாஷரைத் தின்றுவிடும். வீடு கட்டும் இடத்தில் ஒரு பிடி மணல் கேட்டு வாங்கி, தேநீர் வடிகட்டியில் சலித்து, கழுவிக் காயவைத்ததே போதும்.

வாஷரில் ஃபெவிகால் தடவி, மணலில் முக்கி எடுத்து, ஒருநாள் காயவிடுங்கள். முழுக்க இளம்பழுப்பு, மேலே தந்த நிற உலர்பூச்சு. பிறகு அலை ஒதுக்கியதுபோல் வளைந்த ஒரு பட்டையாகக் கருஞ்சிவப்பை நீர்த்து இழுத்துவிடுங்கள். எல்லா வாஷரிலும் அந்தப் பட்டை ஒரே திசையில் போனால் அணிவகுத்து நிற்கும்போது கடற்கரை ஒன்று தெரியும். இந்த ஒரு பட்டைதான் உங்கள் படையைக் குளச்சல் படை என்று சொல்லும். புதருக்குத் தேங்காய் நாரை ஒரு செ.மீ. துண்டாக வெட்டி நிறுத்தலாம், செத்தைக்கு நார்த்தூள். இரண்டையும் நல்ல வெயிலில் காயவைத்து, நீர்த்த ஃபெவிகாலால் மூடி, மேலே பெயின்ட்டும் பூசிவிடுங்கள். பச்சையாக ஒட்டினால் முதல் மழையிலேயே பூஞ்சணம் படரும்.

வார்னிஷும் பெட்டியும்

விளையாடுகிற உருவத்துக்கு வார்னிஷ் கட்டாயம். விரல் வியர்வை பெயின்ட்டைத் தேய்த்துவிடும். மேட் வார்னிஷை பிரஷ்ஷால் இரண்டு முறை மெல்லப் பூசுங்கள். ஸ்பிரே வார்னிஷ் என்றால் ப்ரைமருக்குச் சொன்ன அதே மாதக் கட்டுப்பாடு, இன்னும் கண்டிப்பாக. ப்ரைமர் கெட்டால் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கலாம். வார்னிஷ் வெளுத்தால் முடித்த வேலை முழுவதும் போச்சு.

பிஸ்கட் வருகிற தகர டப்பாவில் அடியில் காந்தத் தாள் ஒட்டினால், வாஷர் மேல் நிற்கிற படை அதில் அசையாமல் நிற்கும். பஸ்ஸில் நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

முதல் பத்துப் பேருக்கு வார்னிஷ் காயும்வரை இரண்டாவது பெட்டி வாங்காதீர்கள்.